பரலோக மந்திரமும் தூக்குமரமும்

நம் பாட்டிமார் ஆண்டவர் கற்பித்த செபத்தைப் ‘பரலோக மந்திரம்’ என்றே அழைத்து வந்தனர். கண் விழித்ததும், மாலையில் விளக்கேற்றியதும், இடி மின்னலுக்கு அஞ்சியபோதும் அவர்தம் நாவில் முதலில் எழுந்தது அதுவே. அந்தச் செபத்தை முழுமையாகச் சொல்ல முடியவில்லை என்பது ஒரு கத்தோலிக்க மூதாட்டியைத் தூக்குமரத்திற்கு அனுப்பிய சான்றுகளுள் ஒன்றாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, அதே செபத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் சொல்லி முடித்த போதகர் ஒருவரும் தூக்கிலிடப்பட்டார். இரண்டும் நிகழ்ந்தது அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில். தீர்ப்பளித்தவர்கள் நாள்தோறும் அதே செபத்தைச் சொன்ன கிறிஸ்தவர்கள். இவ்வரலாறு நமக்கு ஏன் வேண்டும் என்பதைக் கட்டுரையின் முடிவில் வாசகரே முடிவு செய்யட்டும்.

தூயவர்களின் நாடு

1630ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்த பியூரிட்டன் மக்கள் பாஸ்டன் நகரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் அமைத்தனர். ஆங்கிலத் திருச்சபையில் கத்தோலிக்க வழக்கங்களின் எச்சம் இன்னும் இருக்கிறது என்று மனம் வருந்தியவர்கள் இவர்கள். விவிலியத்தின்படி நடக்கும் ஒரு தூய நாட்டைப் புதிய மண்ணில் எழுப்புவதே இவர்களது வேட்கை. உழைப்பு, கல்வி, ஒழுக்கம் ஆகியவற்றில் இவர்களுக்கு இருந்த பற்று மெச்சத்தக்கது. ஆனால், தம்மைப் போல் நம்பாதவருக்கு அந்நாட்டில் இடம் இருக்கவில்லை. 1647இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் இயேசு சபையினரும் பிற கத்தோலிக்கக் குருக்களும் அங்கே கால் வைப்பதைத் தடை செய்தது. வெளியேற்றப்பட்டபின் திரும்பி வந்தால் மரண தண்டனை.

சூனியத்திற்கும் அதே தண்டனைதான். விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரத்தில் சூனியக்காரியை உயிரோடு விடக்கூடாது என்றுள்ள கட்டளையை ஆதாரமாகக் காட்டி, 1641ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அதைக் கொலைக்குற்றங்களோடு சேர்த்தது. 1647இல் அண்டைக் குடியேற்றமான கனெக்டிகட்டில் ஆலிஸ் யங் என்ற பெண் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டில் பாஸ்டனில் மார்கரெட் ஜோன்ஸ் தூக்கிலிடப்பட்டார். இவர் மூலிகை மருந்து கொடுத்து நோய் தீர்த்து வந்த பெண். மருந்து பலித்தாலும் ஐயம், பலிக்காவிட்டாலும் ஐயம் என்பதே இத்தகைய பெண்களின் நிலையாக இருந்தது.

அக்காலம் நமக்கு அந்நியமான காலம் அன்று. பாஸ்டனில் பிறந்த எலிகு யேல் என்பவர் 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். அவர் ஆண்ட கோட்டைக்குள் கப்புச்சின் குருக்களின் ஆலயம் ஒன்று இருந்தது. அங்கே திருப்பலி நடந்துகொண்டிருந்தது. அதே ஆங்கிலேயர், அதே ஆண்டுகளில், யேல் பிறந்த ஊரில் ஒரு கத்தோலிக்கப் பெண்ணை எப்படி நடத்தினர் என்பதை இனிப் பார்ப்போம்.

சலவை செய்த வீட்டின் மூதாட்டி

க்ளோவர் என்ற அயர்லாந்து விதவை பாஸ்டனில் தம் மகளோடு வாழ்ந்தார். மகள் துணி வெளுத்துப் பிழைத்தாள். 1688ஆம் ஆண்டுக் கோடையில் ஜான் குட்வின் என்ற கொத்தனாரின் மூத்த மகள், பதின்மூன்று வயது மார்த்தா, சில துணிகள் காணாமற்போனது பற்றி அவளைக் குற்றஞ்சாட்டினாள். பெற்ற தாய் பொறுப்பாரா? க்ளோவர் அச்சிறுமியைக் கடுமையாக ஏசினார். சில நாள்களில் மார்த்தாவுக்கு வலிப்பு வந்தது. பின்னர் அவள் தம்பி தங்கையர் மூவருக்கும் அதே நிலை. மருத்துவர் இது சூனியம் என்றார். ஏழை, விதவை, அயர்நாட்டவர், கத்தோலிக்கர், வாய்த்துடுக்கு உள்ளவர். ஐயம் யார்மேல் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வழக்குமன்றத்தில் அவர் தம் தாய்மொழியாகிய ஐரிஷ் மொழியிலேயே விடையளித்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்று குற்றஞ்சாட்டியோர் கூறினர். ஆயினும் இரு மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகவே விசாரணை நடந்தது. அவர் வீட்டில் கிடைத்த சிறு துணிப்பொம்மைகள் சான்றாக வைக்கப்பட்டன. ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லுமாறு பணித்தனர். அவருக்கு அது இலத்தீனில் தெரிந்திருந்தது. ஆனால் ஓரிரு சொற்றொடர்களில் அவர் நா தடுமாறியது. சூனியக்காரரால் அச்செபத்தை முழுமையாகச் சொல்ல இயலாது என்பது அன்றைய நம்பிக்கை.

முதுமையும் அச்சமும் சூழ, பகைவர் நடுவே நின்று, குழந்தைப் பருவத்தில் வாய்ப்பாடமாய்க் கற்ற அந்நிய மொழிச் செபத்தை நம்மில் எத்தனை பேர் தடுமாறாமல் சொல்லுவோம்? குருக்கள் நுழையவே தடை இருந்த நாடு அது. பூசையும் ஒப்புரவு அருட்சாதனமும் அங்கே அவருக்குக் கிடைத்திருக்க வழியில்லை. 1688 நவம்பர் 16ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். பாஸ்டன் நகர மன்றம் முந்நூறு ஆண்டுகளுக்குப்பின், 1988இல், அந்நாளை அவர் பெயரால் நினைவுநாளாக அறிவித்தது.

அவ்வழக்கைப் பற்றிக் காட்டன் மேதர் என்ற இளம் போதகர் 1689இல் ஒரு நூல் வெளியிட்டார். கல்வியிலும் பக்தியிலும் சிறந்தவர் அவர். சிறையில் க்ளோவரை நேரில் கண்டு பேசியவர். தீய எண்ணத்தோடு அவர் எழுதவில்லை. ஆனால் குழந்தைகளின் வலிப்பு எப்படி இருக்கும், சூனியக்காரி எப்படி நடந்துகொள்வாள் என்பதை நாடெங்கும் அந்நூல் எடுத்துச் சென்றது.

சேலத்தில் 1692

சேலம் என்றதும் நம் மாம்பழச் சேலத்தை எண்ணவேண்டா. மெல்கிசதேக்கு ஆண்ட சாலேமின் பெயரை, ‘அமைதி’ என்னும் பொருள் கருதி அக்குடியேறிகள் தம் ஊருக்கு இட்டனர். அதன் பகுதியாகிய சேலம் சிற்றூரில் சாமுவேல் பாரிஸ் என்ற போதகர் இருந்தார். 1692 சனவரியில் அவருடைய ஒன்பது வயது மகளுக்கும், பதினொரு வயது உறவினச் சிறுமிக்கும் வலிப்பு கண்டது. மருத்துவர் தீயசக்தியின் கை என்றார். யார் செய்தது என்று பெரியவர்கள் வற்புறுத்திக் கேட்டபோது சிறுமியர் மூன்று பெயர்களைச் சொன்னார்கள்: பாரிஸ் வீட்டு அடிமைப்பெண் டிட்டுபா, வீடு வீடாய் இரந்துண்ட சாரா குட், கோயிலுக்கு வராத நோயாளி சாரா ஆஸ்போர்ன். கேட்க நாதியற்றவர் மூவர்.

மார்ச் முதல் நாள் விசாரணையில் டிட்டுபா ஒப்புக்கொண்டாள். தன்னைப்போல் இன்னும் பலர் உண்டு என்றும் சொன்னாள். அதன்பின் பெயர்கள் பெருகின. நாதியற்றவரிடமிருந்து மதிப்புள்ள குடும்பத்தார் வரை குற்றச்சாட்டு ஏறியது. ஓராண்டுக்குள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. சாரா குட்டின் நான்கைந்து வயதே ஆன சின்ன மகள் டாரத்தியும் விலங்கிடப்பட்டுப் பல மாதங்கள் சிறையில் கிடந்தாள். அவள் அறிவு அதன்பின் தெளியவே இல்லை என்று அவள் தந்தை 1710இல் அரசுக்கு எழுதிய விண்ணப்பம் தெரிவிக்கிறது.

புதிய ஆளுநர் வில்லியம் பிப்ஸ் மே மாதம் தனி வழக்குமன்றம் ஒன்றை நிறுவினார். வில்லியம் ஸ்டவ்டன் அதன் தலைவர். அம்மன்றம் ‘ஆவிச் சான்றை’ ஏற்றுக்கொண்டது. அதாவது, “இவருடைய உருவம் வந்து என்னைக் கிள்ளியது” என்று ஒரு சிறுமி கூறினால் போதும். அந்நேரத்தில் அவர் பத்துக் கல் தொலைவில் உறங்கிக்கொண்டிருந்தாலும் அது சான்றே. இதற்கு மறுப்பு எப்படிச் சொல்வது? ஒருவர் தாம் செய்யவில்லை என்று காட்டலாம். தம் உருவம் செய்யவில்லை என்று எவ்வாறு காட்டுவார்?

ரெபேக்கா நர்ஸ் என்ற 71 வயது மூதாட்டியின் வழக்கு நெஞ்சை உலுக்குவது. பக்திக்குப் பெயர்பெற்றவர் அவர். நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று முதலில் தீர்ப்பளித்தது. உடனே சிறுமியர் அலறினர். அவர் முன்பு சொன்ன ஒரு சொல்லை மீண்டும் எண்ணிப் பார்க்குமாறு ஸ்டவ்டன் நடுவர்களிடம் கூறினார். அச்சொல்லின் பொருள் என்ன என்று கேட்டபோது காது மந்தமான அந்த மூதாட்டி கேள்வியைக் கேட்கவில்லை, வாளாவிருந்தார். மௌனம் குற்றமாயிற்று. சபையிலிருந்தும் விலக்கப்பட்டு, சூலை 19ஆம் நாள் மற்ற நான்கு பெண்களோடு தூக்கிலிடப்பட்டார்.

ஆகஸ்டு 19ஆம் நாள் ஜார்ஜ் பர்ரோஸ் தூக்குமரம் ஏறினார். இவர் அதே சிற்றூரில் முன்பு போதகராகப் பணியாற்றியவர். ஏணியில் நின்றபடி ஆண்டவர் கற்பித்த செபத்தை முதலிலிருந்து முடிவு வரை தெளிவாகச் சொன்னார். கூடியிருந்தோர் பலர் கண் கலங்கினர். சூனியக்காரரால் சொல்ல இயலாத செபத்தை இவர் சொல்லிவிட்டாரே என்ற முணுமுணுப்பு எழுந்தது. அப்போது குதிரைமீது அமர்ந்திருந்த காட்டன் மேதர், சாத்தான் ஒளியின் தூதனாகவும் வேடமிடுவான் என்று கூறிக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். க்ளோவர் தடுமாறியதும் சான்று. பர்ரோஸ் தடுமாறாததும் சான்று! முடிவு முன்கூட்டியே செய்யப்பட்டிருந்தால் எந்தச் செபமும் ஒருவனைக் காப்பாற்றாது.

செப்டம்பரில் எண்பது வயது கடந்த ஜைல்ஸ் கோரி வழக்காட மறுத்தமையால் கற்களின் பாரத்தால் நசுக்கிக் கொல்லப்பட்டார். அம்மாதம் 22ஆம் நாள் எண்மர் தூக்கிலிடப்பட்டனர். ஆக, தூக்கில் மடிந்தோர் 19 பேர். சிறையில் மடிந்தோர் ஐவருக்குக் குறையார். சேலத்தில் சூனியக்காரிகளை எரித்ததாகப் பலர் சொல்வது பிழை. ஆங்கிலச் சட்டம் அவர்களுக்கு விதித்தது தூக்கே.

பொய் சொன்னால் உயிர்

இதில் விந்தையான ஒன்று உண்டு. ‘ஆம், நான் சூனியக்காரிதான்’ என்று ஒப்புக்கொண்டு பிறர் பெயரையும் சொன்னவர்கள் பிழைத்தனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அவ்வாறு ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டபின் மனச்சான்று உறுத்த, தாம் சொன்னது பொய் என மறுத்த சாமுவேல் வார்டுவெல் தூக்கிலிடப்பட்டார். எனவே தூக்கிலேறிய 19 பேரும் ஒரு பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். அதைச் சொல்ல அவர்கள் மறுத்தார்கள். அவர்களது இறையியலில் நமக்கு வேறுபாடுகள் இருக்கலாம். உண்மைக்காக உயிரை ஈந்த அவர்தம் உறுதிமுன் நாம் தலைவணங்கவே வேண்டும்.

அவர்களுள் ரெபேக்காவின் தங்கை மேரி ஈஸ்டியை மறக்கலாகாது. சாவுக்குக் காத்திருந்தபோது அவர் நீதிபதிகளுக்கும் போதகர்களுக்கும் ஒரு விண்ணப்பம் எழுதினார். தம் உயிருக்காக அவர் அதில் மன்றாடவில்லை. தாம் சாக வேண்டியிருப்பதை அறிந்திருப்பதாகவும், இனியேனும் குற்றமற்றோர் குருதி சிந்தப்படாதிருக்க விசாரணை முறையைத் திருத்துமாறும் வேண்டினார். ஒப்புக்கொண்டவர்களைத் தனித்தனியே பிரித்து வைத்து விசாரியுங்கள் என்று வழியும் காட்டினார். வழக்கறிஞர் எவரும் துணையின்றி ஒரு குடும்பப்பெண் எழுதிய அவ்விண்ணப்பத்தில் இருந்த நீதியறிவு நீதிமன்றத்தில் இல்லை.

அக்டோபரில் போதகர் இன்கிரீஸ் மேதர், காட்டனின் தந்தை, ஆவிச் சான்றைக் கண்டித்து எழுதினார். குற்றமற்ற ஒருவர் தண்டிக்கப்படுவதைவிட ஐயத்திற்குரிய பதின்மர் தப்புவது மேல் என்பது அவர் கருத்து. ஆளுநர் அத்தனி மன்றத்தைக் கலைத்தார். 1693 சனவரியில் கூடிய புதிய மன்றம் ஆவிச் சான்றை ஒதுக்கியது. ஏறத்தாழ எல்லாரும் விடுதலையாயினர். அச்சத்தின் அடித்தளம் அவ்வளவே. அதே குளிர்காலத்தில், பிப்ரவரி 4ஆம் நாள், நம் ஓரியூர் மண்ணில் அருளானந்தர் மறைசாட்சியாக மாண்டார் என்பதும் நினைவுக்கு வருகிறது.

அச்சம் பிறந்த இடம்

இக்கொடுமைக்கு ஒரே காரணம் கூறுவது அறியாமை. 1684இல் அக்குடியேற்றத்தின் உரிமைப் பட்டயம் பறிபோயிற்று. எந்தச் சட்டம் நிலைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. வடக்கே மெய்ன் எல்லையில் பிரெஞ்சுக்காரரோடும் பழங்குடியினரோடும் போர் நடந்தது. அங்கே உற்றாரை இழந்து ஓடிவந்த அனாதைச் சிறுமி மெர்சி லூயிஸ் குற்றஞ்சாட்டியோருள் ஒருத்தி. சிற்றூருக்குள்ளே நிலத்தகராறு, எல்லைத்தகராறு. போதகருக்குச் சம்பளமும் விறகும் கொடுப்பதா வேண்டாவா என்ற கட்சிப்பிளவு. வெளியே இருந்த பகையை எட்ட முடியாதவர்கள் உள்ளே ஒரு பகையைக் கண்டுபிடித்தார்கள். பழைய மனத்தாங்கல்களுக்கெல்லாம் ‘சூனியம்’ என்ற ஒரு பெயர் கிடைத்தது.

நம் வீட்டுக் கணக்கு

‘பிரிந்துபோன சபையார் செய்தது; நமக்கென்ன?’ என்று கேட்பாரும் இருக்கலாம். தூக்கிலேறிய ஜான் பிராக்டர் சிறையிலிருந்து பாஸ்டன் போதகர்களுக்கு எழுதிய மடலில், வாக்குமூலம் பெறுவதற்காக இளைஞர்களைக் கட்டிவைத்து வதைப்பது பாப்புமார்க்கத்தாரின் கொடுமைகளைப் போன்றது என்று எழுதினார். அச்சொல் நம்மைச் சுடுகிறது. சுடத்தான் வேண்டும்.

சூனியக்காரரை ஒடுக்கும் விசாரணையாளருக்கு ஆதரவாகத் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் 1484இல் ஆணைமடல் விடுத்தார். அதனை முகப்பில் தாங்கி வெளிவந்த ‘சூனியக்காரிகளின் சம்மட்டி’ என்ற நூலை எழுதியவர் ஹைன்ரிக் கிராமர் என்ற தோமினிக்கன் துறவி. 1626 முதல் ஆயர்களே அரசர்களாயிருந்த ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க், பாம்பர்க் நகரங்களில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அவர்களுள் சிறுவரும் உண்டு. கத்தோலிக்க நாடுகள், புரோட்டஸ்டாண்டு நாடுகள் எல்லாம் சேர்ந்து ஐரோப்பாவில் மாண்டோர் 40,000 முதல் 60,000 வரை என்பது இன்றைய வரலாற்றறிஞர் மதிப்பீடு. சேலத்தின் தொகை அதன்முன் சிறிது.

ஆயினும் ஒளி முற்றிலும் அணைந்துவிடவில்லை. ஸ்பெயினின் பாஸ்கு நாட்டில் சூனியப்பீதி எழுந்தபோது, அலோன்சோ தெ சலசார் என்ற விசாரணைக் குரு 1611இல் ஊர் ஊராகச் சென்று ஏறத்தாழ 1800 பேரை விசாரித்தார், பெரும்பாலோர் சிறுவர். சூனியம் நடந்ததற்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை என்றும், பேச்சும் எழுத்தும் பரவியபின்னரே சூனியம் தோன்றியது என்றும் மேலிடத்திற்கு அறிவித்தார். 1614இல் அங்கே அவ்வழக்குகளுக்குக் கடிவாளம் இடப்பட்டது. ஜெர்மனியில் இயேசு சபைக்குரு பிரீட்ரிக் ஸ்பே 1631இல் பெயரில்லாமல் ஒரு நூல் வெளியிட்டார். வதைத்தால் எவரும் ஒப்புக்கொள்வர், ஒப்புக்கொண்டவர் பிறரைக் காட்டிக்கொடுப்பர், ஆகவே வதையே சூனியக்காரரைப் படைக்கிறது என்பது அவர் வாதம். பின்னர் 1635இல், கொள்ளைநோயுற்ற படைவீரருக்குப் பணிவிடை செய்து, அந்நோயாலேயே இறந்தார். அவர் நூலின் பாடத்தைச் சேலம் கற்றிருந்தால்!

எழுந்து நின்ற நீதிபதி

1696ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முந்தைய நாள். சேலம் நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சீவல் தம் மகன் இலத்தீனில் மத்தேயு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தை ஒப்பிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். இறைவன் விரும்புவது இரக்கமே என்றும், அதை உணர்ந்தோர் குற்றமற்றவரைத் தீர்ப்பிடார் என்றும் ஆண்டவர் பரிசேயருக்குச் சொன்ன இடம் வந்தது. அந்த வசனம் சேலத்துத் துயரத்தைத் தம் நினைவுக்குக் கொணர்ந்ததாகச் சீவல் நாட்குறிப்பில் எழுதினார். அந்நாள்களில்தான் அவர் தம் சின்ன மகளையும் பறிகொடுத்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து, 1697 சனவரி 14, நாடெங்கும் நோன்பு நாள். ஆலயத்தில் சீவல் ஒரு தாளைப் போதகரிடம் கொடுத்தார். போதகர் அதைச் சபையார் முன் வாசிக்கும்வரை தம் இடத்தில் எழுந்து நின்றார். சேலத்தில் நேர்ந்த குற்றத்தின் பழியையும் வெட்கத்தையும் தாம் ஏற்பதாக அதில் இருந்தது. நடுவராயிருந்த பன்னிருவரும் மன்னிப்பு வேண்டிக் கையெழுத்திட்டனர். தலைமை நீதிபதி ஸ்டவ்டன் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. சீவலோ 1700இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். தவற்றை ஒப்புக்கொண்ட கண்ணுக்கு வேறு தவறுகளும் தென்படத் தொடங்குகின்றன போலும்!

குற்றஞ்சாட்டிய சிறுமியருள் முதன்மையானவள் ஆன் பட்னம். 1692இல் பன்னிரண்டு வயது. 1706இல் அவளும் ஆலயத்தில் எழுந்து நிற்க, அவளது அறிக்கை வாசிக்கப்பட்டது. ரெபேக்காவையும் அவர் தங்கையர் இருவரையும் குறிப்பிட்டு, புழுதியில் கிடந்து மன்னிப்பு வேண்டினாள். 1711இல் அரசு பலருடைய தண்டனைத் தீர்ப்பை நீக்கி, குடும்பங்களுக்கு 578 பவுன் 12 ஷில்லிங் ஈடு வழங்கியது. பட்டியலில் சில பெயர்கள் விடுபட்டன. கடைசியாக எஞ்சிய எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர் 2022இல்தான், பள்ளி மாணவர் சிலரின் முயற்சியால், சட்டப்படி துடைக்கப்பட்டது. ஒரு பொய்ச்சான்றைத் திருத்த 330 ஆண்டுகள்!

நம் திருச்சபையும் எழுந்து நின்றது. 2000 மார்ச் 12ஆம் நாள், மன்னிப்பு நாள் வழிபாட்டில், உண்மையைக் காப்பதாக எண்ணித் திருச்சபையின் மக்கள் வன்முறையைக் கையாண்ட பாவத்திற்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

நம் தெருவில்

பெண்களைச் சூனியக்காரிகள் என்று கூறி வதைப்பதைத் தடுக்கப் பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நம் பகுதிகளில் கொலை வரை போவதில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் மாடு கறவை வற்றினால், மகள் திருமணம் தள்ளிப்போனால், ‘யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்று சொல்லும் கத்தோலிக்க இல்லங்கள் இல்லையா? அந்த ‘யாரோ’ பெரும்பாலும் யார்? கணவனை இழந்தவர், பிள்ளையில்லாதவர், சண்டையிட்டுப் பிரிந்த ஓரகத்தி. குறி கேட்கப் போகிறவர் ஒரு பெயரோடு வீடு திரும்புகிறார். அப்பெயருக்கு உரியவர் அதன்பின் நல்லது கெட்டதுகளுக்கு அழைக்கப்படுவதில்லை. தூக்குமரம் இல்லை; ஆனால் தீர்ப்பு இருக்கிறது.

அலகையின் தீமையைத் திருச்சபை மறுக்கவில்லை. ஆனால், அதன் பெயரால் அயலாரைச் சுட்டுவது எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம். சேலத்தின் சிறுமியர் சுட்டிய விரல் பெரியவர்கள் நம்பியதால்தான் கொலைக்கருவியாயிற்று.

இன்றிரவு குடும்ப செபத்தில் பரலோக மந்திரத்தைச் சொல்லும்போது, இலத்தீனில் தடுமாறிய அந்த அயர்லாந்து மூதாட்டியை ஒரு கணம் நினைப்போம். மன்னிப்பை வேண்டும் அந்த வரி வரும்போது, நாம் மெல்லிய குரலில் எவர் பெயரையேனும் சொல்லியிருக்கிறோமா என்றும் எண்ணிப் பார்ப்போம். சொல்லியிருந்தால், அடுத்த நாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குச் சீவலின் துணிவில் ஒரு பங்கு நமக்குப் போதும்.